அசின்க்ஐஓ: 5 விநாடி டைம்அவுட் கொடுத்தும் நிரல் நின்றுவிடுகிறது

ரோஸ்ஹில் வேலன்:
வணக்கம். எங்கள் கோவிலில் தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுப்போருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பைத்தான் நிரல் ஒன்றை, பல பணிகளை மாறி மாறி ஓட்டும் அசின்க்ஐஓ நூலகத்தைக் கொண்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் அதன் வெயிட்_ஃபார் என்ற ஃபங்ஷன் வழியே 5 விநாடி கெடு (டைம்அவுட்) வைத்திருந்தும், சில வேளைகளில் நிரல் முழுவதுமே 38 விநாடி வரை அசைவதில்லை. நாள் நெருங்குகிறது, உதவுங்கள்.

போர்ட் லூயி வாசி:
பைத்தான் எந்தப் பதிப்பு? அனுப்பும் ஃபங்ஷனுக்குள் என்ன இருக்கிறது?

கடலோரத்தான்:
மொரீஷியஸின் இணையம் கடலடிக் கேபிள்களை நம்பியிருப்பதால் தாமதம் அங்கேதான் இருக்கும். கெடுவை 60 விநாடி ஆக்கிப் பாருங்கள்.

மூத்த நிரலர்:
ஆவணத்தைப் படித்திருந்தால் இக்கேள்வியே எழுந்திராது. கெடு முடிந்ததும் வெயிட்_ஃபார் பணியை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, அது உண்மையில் ரத்தாகும் வரை தானும் காத்திருக்கும். அந்த ரத்தைத் தெரிவிக்கும் கேன்சல்டுஎரர் என்ற பிழையை நீங்கள் பிடித்து விழுங்குகிறீர்கள்.

போர்ட் லூயி வாசி:
பைத்தான் 3.8 முதல் அந்தப் பிழை, எல்லாப் பிழை வகைகளுக்கும் மூலமான பேஸ்எக்செப்ஷனின் நேர்க் கீழ் வந்துவிட்டதால், சாதாரண எக்செப்ஷனைப் பிடிக்கும் வரியில் சிக்காது ஐயா.

மூத்த நிரலர்:
பிழையின் பெயர் குறிப்பிடாத வெற்று எக்செப்ட் வரி எழுதினால் இன்றும் சிக்கும். இதை நான் பலமுறை சொல்லியாயிற்று.

போர்ட் லூயி வாசி:
சிக்கட்டும். அப்போது அந்த ஒரு பணிதான் தேங்கும், மற்றவை ஓடும். இவரோ நிரல் முழுவதும் நிற்கிறது என்கிறார்.

ரோஸ்ஹில் வேலன்:
மன்னிக்கவும், பதிப்பு 3.10. உள்ளே இருப்பது, இணையம் வழியே தரவு அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் போஸ்ட் அழைப்பு மட்டுமே. அதைச் சொல்ல வேண்டியதில்லை என நினைத்தேன்.

போர்ட் லூயி வாசி:
அதுதான் காரணம். பணிகளுக்கு முறை கொடுக்கும் ஈவென்ட் லூப் ஒரே த்ரெட்டில் (இயக்க இழையில்) ஓடுகிறது. ரிக்வெஸ்ட்ஸ், லூப்புக்கு முறையை விட்டுக்கொடுக்கும் அவெயிட் இல்லாமல் அந்த த்ரெட்டையே பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதால், 5 விநாடி ஆனதைக் கவனிக்க வேண்டிய லூப்புக்கே முறை வருவதில்லை. அசின்க்ஐஓவின் பிழைதேடும் டீபக் முறையை இயக்கினால், 100 மில்லிவிநாடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைக்கும் அழைப்புகளை லாக்கில் காணலாம். லூப்பைத் தடுக்காமல் அனுப்பும் ஏஐஓஎச்டிடிபி நூலகத்துக்கு மாறுங்கள், அவசரமென்றால் அழைப்பை வேறொரு த்ரெட்டில் ஓட்டும் டு_த்ரெட் போதும். ரிக்வெஸ்ட்ஸுக்குத் தானாக டைம்அவுட் கிடையாது, அதையும் அழைப்பிலேயே கொடுங்கள்.

மூத்த நிரலர்:
ஓடத் தொடங்கிய த்ரெட்டை ரத்து செய்ய முடியாது என்பதையும் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம்.

ரோஸ்ஹில் வேலன்:
டு_த்ரெட்டுக்கு மாற்றினேன், இப்போது சரியாக 5 விநாடியில் டைம்அவுட் வருகிறது. நன்றி. ஆனால் டைம்அவுட் வந்தாலும் முதல் த்ரெட் ரத்தாகாமல் ஓட, டைம்அவுட் வந்தால் மறுபடி அனுப்பும்படியும் எழுதியிருந்ததால், நேற்று ஓர் அம்மாவுக்கு ஒரே செய்தி இரண்டு முறை போய், இரண்டு காவடியா என்று கேட்டு அழைத்துவிட்டார். மறுமுயற்சியை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன்.