பெரிய வீட்டு குரூப்: தீபாவளி லீவுக்கு குவா தெம்புரோங்

கவிதா: வீட்டுக்கு வந்து சேந்துட்டோம் எல்லாரும். ஈப்போ பக்கம் இருக்கற குவா தெம்புரோங் குகையில, உள்ள ஓடற ஆத்துல எறங்கி போற நீள டூர் முடிச்சாச்சி, மூனு தடவ சோப்பு போட்டும் நகத்துல சேறு போகல

முரளி: சூப்பர் அக்கா! தீபாவளி லீவுக்கு பிள்ளைங்கள கூட்டிட்டு போலாம்னு நானும் பாத்துகிட்டு இருக்கேன்

சித்ரா அத்தை: தண்ணி எவ்ளோ ஆழம் மா? கௌதமுக்கு நீச்சல் தெரியாது

கவிதா: நாங்க போனப்ப முட்டி அளவுதான் அத்தே, சில எடத்துல இடுப்பு. ஆனா ஒரு எடத்துல மேல் பாறை அப்படியே எறங்கி வந்துடும், தண்ணியிலயே குப்புற படுத்து முழங்கையால நகரணும், தாடை தண்ணியில இருக்கு நெத்தி லைட்டு பாறையில ஒரசுது, முன்னாடி போறவங்க சப்பாத்து மட்டும்தான் கண்ணுக்கு தெரியும்

சித்ரா அத்தை: ஐயோ

கவிதா: அது கொஞ்ச தூரம்தான், பயப்படாதீங்க. அத தாண்டி ஒரு மணல் திட்டுல உக்கார வெச்சி கைடு எல்லா லைட்டையும் அணைக்க சொன்னாரு. கைய மூஞ்சி கிட்ட கொண்டு வந்தேன், தெரியல. கண்ண தொறந்தாலும் மூடுனாலும் ஒன்னுதான். ஆத்து சத்தம் மட்டும், எங்கயோ மேலேருந்து ஒரு சொட்டு. சின்னவ என் வெரல புடிச்சிகிட்டு "அம்மா, இது நீங்கதானே"ன்னு கேட்டா. இன்னும் காதுல கேக்குது

பெரியப்பா: அந்த மலையில வெள்ளீயம் தோண்டியிருக்காங்க. மலாயா அவசரகாலத்துல, 1948லேருந்து 60 வரைக்கும், கம்யூனிஸ்டு ஆளுங்க ஒளிஞ்ச எடம்னு எங்கப்பா சொல்லுவாரு. தெம்புரோங்னா தேங்கா செரட்டை

கவிதா: ஆமா பெரியப்பா, அண்ணாந்து பாத்தா செரட்டைய கவுத்து வெச்ச மாதிரியேதான் இருக்கு

முரளி: அப்ப கோலாலம்பூர்லேருந்து பசியாறிட்டு மெதுவா கெளம்பி மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போலாமா

கவிதா: வேணாம் முரளி. தீபாவளி நேரம் நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல மழை கொட்டும். போன வருஷம் நவம்பர்ல நாங்க போனப்ப உள்ள விடவே இல்ல, வாசல்ல நல்ல வெயில், எனக்கு அப்படி ஒரு கோவம், கவுண்டர்ல சத்தம் கூட போட்டேன். அரை மணி நேரம் ஆகல, ஆறு தேத்தண்ணி கலர்ல கட்டையெல்லாம் இழுத்துகிட்டு வந்துச்சி. மலைக்கு அந்த பக்கம் பேஞ்ச மழை லா அது, ஆறு மலைய தொளச்சிகிட்டு ஒன்னரை கிலோமீட்டருக்கு மேல உள்ளயே ஓடி இந்த பக்கம் வருது. நம்ம குப்புற படுத்து போற எடத்துல தண்ணி ஒரு அடி ஏறுனா மூச்சு விட எடமில்ல. அன்னிக்கி தடுத்த பையன இந்த தடவ தேடி போயி நன்றி சொல்லிட்டு வந்தேன்

முரளி: சரிக்கா, முந்தின நாளே வந்து உங்க வீட்ல தங்கிடறோம், காலையில மொத ஆளா போயிடலாம்

சித்ரா அத்தை: பாட்டியும் வரேங்கறாங்க!!

கவிதா: வரட்டும் அத்தே, முன் பக்கம் லைட்டு போட்டு நடைபாதை கட்டியிருக்காங்க, தண்ணியே படாது. உள்ள போக போக படி ஜாஸ்தி, முட்டிக்கு ஆகாது, மொத மேடையோட நிறுத்திக்கலாம், நான் கூட இருக்கேன். தொங்கற கல்ல மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லி வைங்க, கை எண்ணெய் பட்டா அந்த எடத்துல கல்லு வளராதாம்

முரளி: அன்னிக்கி காலையிலயே மழைன்னா?

கவிதா: போகல. ஈப்போல ஹோர் ஃபன் சாப்பிட்டு வீட்டுக்கு வந்துடுவோம்

சித்ரா அத்தை: கௌதமுக்கு என்ன சப்பாத்து வாங்கணும்?

கவிதா: புதுசு வேணாம் அத்தே, பழைய ஸ்கூல் சப்பாத்து போதும், திரும்ப வர ஒரு ஜோடி சிலிப்பர் காடியில போட்டு வைங்க