பாஸ் டிரம் எழுத்தே போதும்

குழு: தாத்தா வீடு

ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா (காலை 8:40): (படம்) ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையில் கட்டப்போகிற நம் பேண்ட் செட் ஃப்ளெக்ஸ் இது. பத்தடிக்கு எட்டடி. மதியத்துக்குள் சரி என்று சொல்லிவிட்டால் சாயங்காலமே பிரிண்ட் எடுத்துவிடலாம்.

அம்மா: முருகன் முகம் லட்சணமாக வந்திருக்கிறது.

அண்ணா: என் போட்டோ மட்டும் பழசு சித்தப்பா. புதுசு அனுப்புகிறேன், மாற்றச் சொல்லுங்கள்.

நான்: சித்தப்பா, இன்றைக்குப் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள், காரணம் சொல்கிறேன்.

நான்: (படம்) (படம்) (படம்) (படம்)

நான்: நம் கார்டு, வேன், போன வருட ஃப்ளெக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டில் "பேண்ட் செட்". வேனில் "பாண்டு வாத்தியம்". ஃப்ளெக்ஸில் "பேண்டு வாத்தியக் குழு". இன்ஸ்டாகிராமில் ஆங்கில எழுத்து. கார்டு நீலம், வேன் பச்சை, ஃப்ளெக்ஸில் ஏழெட்டு நிறம். தாத்தா பெயரைக்கூட ஒரு இடத்தில் ஒற்றோடும் இன்னொரு இடத்தில் ஒற்று இல்லாமலும் போட்டிருக்கிறோம். நாம் யார் என்று தெரியாத ஒருவர் பார்த்தால் இது நான்கு செட்.

சித்தப்பா: பாப்பா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கடையில் கொடுக்கிறோம். அவர்களிடம் இருக்கிற டிசைனில் நம் பெயரைப் போட்டுத் தருகிறார்கள். எல்லா செட்டுக்கும் இப்படித்தான் நடக்கிறது.

அப்பா: பாப்பா சொல்வது சரி. மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் வாசித்தோம் அல்லவா, அன்றைக்கு ஓர் ஊர்க் கமிட்டிக்காரர் நம் வாசிப்பைக் கேட்டுவிட்டு என்னிடம் கார்டு வாங்கிக்கொண்டார். போகும்போது வேனையும் போட்டோ எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டிலும் பெயர் வேறு, நம்பர் வேறு. எது நாம் என்று புரியாமல் திருவிழாவுக்கு வேறு செட்டைப் பேசிவிட்டார்கள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

சித்தப்பா: இதை ஏன் அண்ணா அப்போதே சொல்லவில்லை? கார்டில் இருப்பது பழைய நம்பர். தீரட்டும் என்று நான்தான் மாற்றாமல் விட்டேன்.

அப்பா: நடந்தது நடந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் இல்லை, கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

அண்ணா: அப்படியானால் புதுசாக ஒரு லோகோ போடலாம். காட்பாடிப் பக்கம் வரவேற்புக்குச் செட் கேட்பவர்கள் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள், ரீல்ஸ் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். கருப்பு பின்னணியில் நியான் எழுத்து, நடுவில் கோட்டை. எடுப்பாக இருக்கும்.

நான்: அண்ணா, கோட்டை நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் லாங்கு பஜாரிலிருந்து பாகாயம் வரைக்கும் லாட்ஜ், ஓட்டல், டிராவல்ஸ் என்று பாதி போர்டுகளில் கோட்டை இருக்கிறது. அதைப் பார்த்தால் வேலூர் நினைவுக்கு வரும், நாம் வரமாட்டோம். நமக்கு மட்டும் சொந்தமான ஒன்று வீட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தாவின் பழைய பாஸ் டிரம் பரணில்தானே இருக்கிறது?

அத்தை: இருக்கிறது. கோணிப்பை சுற்றி வைத்திருக்கிறோம். அதன் முகத்தில் எழுதியது யார் என்று உனக்குத் தெரியுமா கண்ணு? சைதாப்பேட்டையில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட். அவர் பெண் கல்யாணத்துக்கு உன் தாத்தா பணம் வாங்காமல் வாசித்தார். அதற்குப் பதிலாக அவர் ஒரு மத்தியானம் முழுக்க நம் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது இருக்கும். எனாமல் டப்பாவை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சிவப்பு, மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவினார்கள்.

நான்: சித்தப்பா, அதை இறக்கி ஒரு போட்டோ எடுக்க முடியுமா? வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். சாய்வாக இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சித்தப்பா (காலை 11:15): அனுப்பிவிட்டேன். தோல் ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா: மாமா கையால் துடைத்து வைத்த டிரம். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

நான்: சித்தப்பா, "பேண்டு" என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டு-வின் வாலை அவர் நிறுத்தவே இல்லை. கீழே இறக்கி, டிரம் வளையத்தோடு வளைத்து, பெயரைச் சுற்றி முக்கால் வட்டம் கொண்டுபோய், தாத்தா பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து முடித்திருக்கிறார். பெயரே ஒரு டிரம்மாகிவிட்டது. இதைவிட நல்ல லோகோவை என்னால் வரைய முடியாது. பெங்களூரில் ஏழு வருடமாக இதே வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அத்தை: அந்த வாலைப் போடும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான்: இன்னொன்றும் இதிலேயே தீர்கிறது. "பேண்ட்" என்று எழுதினால் கடைசியில் புள்ளிதான் வரும், வால் வராது. ஆகவே இனிமேல் எங்கேயும் "பேண்டு"தான். செட், வாத்தியம், குழுவினர் எதுவும் சேர்க்க வேண்டாம். டிரம்மில் இருப்பது தாத்தா பெயரும் பேண்டும் மட்டும். அதுவே நம் பெயர்.

அண்ணா: எழுத்து அழகுதான். ஆனால் பழைய காலத்து எழுத்தை வைத்தால் பழைய செட் என்று நினைக்க மாட்டார்களா?

நான்: பீட்டில்ஸ் குழுவின் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள் அண்ணா. முதல் எழுத்து பெரிதாகவும், நடுவில் உள்ள டி எழுத்தின் கால் கீழே நீண்டும் இருக்கும். அது பெரிய கம்பெனி செய்த டிசைன் இல்லை. 1963-இல் அவர்களுக்கு டிரம் விற்ற லண்டன் கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டர் கடையிலேயே கிறுக்கிக் காட்டியது. எடி ஸ்டோக்ஸ் என்ற போர்டு எழுதுபவர் அதை பாஸ் டிரம்மில் எழுதினார். கூலி 5 பவுண்டு. அறுபது வருடம் தாண்டியும் அந்த எழுத்தை யாரும் பழசு என்று தள்ளவில்லை. மாற்றாமல் ஒன்றையே வைத்திருந்ததால்தான் அதற்கு அந்த மதிப்பு.

நான்: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நாக்குப் படம் தெரியும் அல்லவா? அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஒரு காளி படத்தைக் காட்ட, ஜான் பாஷே என்ற மாணவர் 1970-இல் அதிலிருந்து எடுத்து வரைந்தார். முதலில் அவருக்குக் கிடைத்தது 50 பவுண்டு. நம் அங்காளம்மன் தேருக்கு முன்னால் நாக்கு நீட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அந்தக் காளிதான். வெளிநாட்டுக்காரர்களே நம்மிடமிருந்து எடுத்திருக்கும்போது, நம் பரணில் இருப்பதை நாம் ஏன் விட வேண்டும்?

அண்ணா: காளியா! இது தெரியாது. சரி, டிரம்மையே வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் டிபி வட்டமாகத்தான் இருக்கிறது, அப்படியே பொருந்தும்.

அப்பா: டிரம்மில் கீழே "வேலூர், வ.ஆ." என்று எழுதியிருக்கிறது. அதை என்ன செய்வது? வடஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்துவிட்டது. 2019-இல் வேலூரும் மூன்றாகிவிட்டது. நாமோ ஆம்பூருக்கும் போகிறோம், வாலாஜாபேட்டைக்கும் போகிறோம். மாவட்டம் போட்டால் அந்த மாவட்டத்து செட் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று ஒரு யோசனை.

நான்: லோகோவில் "வேலூர்" மட்டும் போதும் அப்பா. மாவட்டம் எத்தனை தடவை பிரிந்தாலும் ஊர் பெயர் மாறாது.

அத்தை: டிரம்மில் மட்டும் வ.ஆ. இருக்கட்டும். அதைத் துடைக்கக் கூடாது.

நான்: துடைக்க மாட்டோம் அத்தை. புதுத் தோலுக்கு வினைல் கட்டிங்கில் ஒட்டும்போதும் வ.ஆ.-வோடு சேர்த்தே ஒட்டலாம்.

நான் (மாலை 4:05): அடுத்து நிறம். நம் கோட்டு மெரூன், ஓரத்தில் தங்க லேஸ், பேன்ட் வெள்ளை. ஊர்வலத்தில் ஜனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே கோட்டுத் துணியைப் பார்த்து அச்சு நிறத்தை வைக்கிறேன். அச்சில் நான்கு மை, எண் ஒவ்வொன்றும் அந்த மையின் சதவீதம். மெரூனுக்குச் சியான் 30, மெஜந்தா 100, மஞ்சள் 80, கருப்பு 35. தங்கம் ஃப்ளெக்ஸில் தங்கமாக வராது, மங்கிய காவியாக விழும். அதற்குப் பதில் நல்ல மஞ்சள்: மெஜந்தா 25, மஞ்சள் 100, மற்ற இரண்டும் சுழி. மூன்றாவது வெள்ளை. நான்காவது நிறம் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் இந்த எண்களைச் சொல்லுங்கள். போன் திரையில் தெரிகிற நிறத்தைக் காட்டி இதேபோல் என்று கேட்காதீர்கள், திரை வெளிச்சம் அச்சில் வராது.

சித்தப்பா: ராத்திரி ஜெனரேட்டர் லைட்டில் தெரியுமா? நமக்கு முக்கால்வாசி வேலை ராத்திரிதான்.

நான்: மெரூன் மேல் மஞ்சள் நன்றாகத் தெரியும். மெரூன் மேல் கருப்பு போட்டால்தான் ஒன்றும் தெரியாது. போர்டு எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஓர் அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்துக்குத் தெளிவாகத் தெரியும். காலையில் நீங்கள் அனுப்பிய டிசைனில் போன் நம்பர் இரண்டு அங்குலம்தான் வருகிறது. இருபதடிக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. ஆறு அங்குலமாக்கினால் அறுபதடி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே படிக்கலாம். நம்பரும் ஒன்றே ஒன்றுதான், உங்களுடையது.

சித்தப்பா: எழுத்து உடைவதற்கு என்ன வழி? போன தடவை கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று வந்துவிட்டது.

நான்: கடைகளில் டிசைன் செய்கிற கோரல் டிரா சாஃப்ட்வேரின் பழைய பதிப்பில் யூனிகோட் தமிழைத் திறந்தால் அப்படித்தான் ஆகும். பெயரை நான் எழுத்துருவில் அடிக்கப்போவதில்லை, டிரம்மிலிருந்து கோடு கோடாக வரைந்து எடுக்கிறேன். நம்பருக்கும் ஊருக்கும் முக்த மலர், அது இலவச எழுத்துரு. எல்லாவற்றையும் கர்வ் போட்டு, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப்பாகத் தருகிறேன், பிறகு எந்தக் கடையில் திறந்தாலும் உடையாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

அப்பா: எல்லாம் சரி பாப்பா. ஃப்ளெக்ஸில் ஆட்கள் போட்டோ எங்கே வரும்?

நான்: எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் அப்பா. பதினொரு பேர் முகத்தை வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டினால் பெயருக்கே இடம் இல்லாமல் போகிறது.

அப்பா: அது முடியாது.

அப்பா: நம் செட்டில் யூபோனியம் என்ற பித்தளைக் குழல் ஊதுகிற மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். 22 வருடமாக நம்மோடு வாசிக்கிறார். எத்தனை கல்யாண வீடியோவில் இருந்திருப்பார்? எல்லாவற்றிலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதி கன்னம்தான் தெரியும். போன வருட ஃப்ளெக்ஸில் அந்தச் சின்ன வட்டத்துக்குள் தன் முகம் இருப்பதைக் காட்டுவதற்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று, தாத்தா பார், தாத்தா பார் என்று காட்டிக்கொண்டிருந்தார். பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் முகத்தை எடுக்க என்னால் முடியாது.

நான்: நான் இதை யோசிக்கவே இல்லை அப்பா. தப்புதான். எடுக்க வேண்டாம்.

நான்: வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக ஒரே போட்டோவாக எடுக்கலாமா? பதினொரு பேரும் யூனிஃபார்மில், கையில் வாத்தியத்தோடு, நடுவில் பாஸ் டிரம். காலை வெயிலில் பாலாற்று மணலில் நிறுத்தலாம். ஃப்ளெக்ஸில் கீழ்ப்பாதி முழுக்க அந்தப் போட்டோதான். முகம் ஒவ்வொன்றும் இப்போதைய வட்டத்தைவிடப் பெரிதாகவே வரும்.

அத்தை: நான் ஒன்று சொல்லட்டுமா? தை பிறப்பதற்கு முன்னால் நம்மைக் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் மாதக் காலண்டர் கொடுக்கலாம். மாதத்துக்கு ஒருவர், முழுப் பக்கம், கையில் அவரவர் வாத்தியம், கீழே பெயர். பதினொரு பேர் பதினொரு மாதம். மீதி ஒரு மாதம் எங்கள் அப்பாவின் டிரம்.

அண்ணா: அத்தை! அருமை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு ரீல்ஸும் எடுத்துவிடுகிறேன். ஓரத்தில் அதே மெரூன் பட்டை, அதே லோகோ. நியான் கிடையாது, சத்தியம்.

சித்தப்பா: முருகன் படம் மட்டும் வேண்டும் பாப்பா. வள்ளிமலைக்குப் போய் முருகன் இல்லாமல் கட்ட முடியாது.

நான்: அவருக்குத்தான் முதல் இடம் சித்தப்பா. மேலே இடது மூலை சாமிக்கு. வள்ளிமலை என்றால் முருகன், குடியாத்தம் சிரசுத் திருவிழா என்றால் கெங்கையம்மன். சாமி மட்டும் ஊருக்கு ஊர் மாறும், மற்றது எதுவும் மாறாது.

செவ்வாய்க்கிழமை

சித்தப்பா (பகல் 12:30): பிடிஎஃப்பை டாக்குமெண்டாகவே கொடுத்தேன். எழுத்து உடையவில்லை. கடைத் தம்பி வலது பக்கம் காலியாக இருக்கிறது என்று லோகோவை அகலமாக இழுத்தான். வட்டம் முட்டையாகிவிட்டது. இழுக்காதே, காலி காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிப் பழையபடி வைக்கச் சொன்னேன்.

நான்: மிகச் சரியாகச் சொன்னீர்கள் சித்தப்பா!

அப்பா (இரவு 9:10): (படம்) வீட்டு வாசலில் கட்டி, எதிரே ஒரு டியூப்லைட் மட்டும் போட்டோம். தெருமுனை டீக்கடையில் நின்று படித்தேன். பெயர், ஊர், நம்பர் மூன்றும் தெரிகிறது. டு-வின் வால் அங்கிருந்தும் தெரிகிறது.

அத்தை: பழைய டிரம்மை மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். ஹாலில் வையுங்கள்.

சித்தப்பா: ஹாலில்தான் இருக்கிறது.

அப்பா: யூபோனியம் மாமாவிடம் காலண்டரைப் பற்றிச் சொன்னேன். ஏப்ரல் மாதத்தைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்கிறார். பேத்தி பிறந்த மாதமாம்.

நான்: ஏப்ரல் மாமாவுக்கு. எழுதி வைத்துவிட்டேன்.