4294967297: இரண்டு வரி நிறுவல் எதை விளக்குகிறது?

நெடுங்கணக்கன்:
2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 4294967297 ஒரு பகா எண் என்றே கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். இதற்கு இரண்டே வரியில் ஒரு நிறுவல் உண்டு. 641 = 5 × 2⁷ + 1 ஆதலால், 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ ஆதலால், 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ இடலாம்; −2³²-இன் மீதி 1 என்றாகி, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபட்டு, வேலை முடிந்துவிடுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கட்டிய இந்த அலங்காரம், இவ்வெண் ஏன் பகு எண் என்பதற்குக் காரணம் ஆகாது.

கயற்கண்ணி:
641 வானத்திலிருந்து விழவில்லை, ஐயா. ஒரு பகா எண் p இந்த 4294967297-ஐ வகுக்குமானால், p-ஆல் வகுக்கையில் 2³² தரும் மீதி −1, 2⁶⁴ தரும் மீதி 1. ஆகவே 2-ஐ உயர்த்தி மீதி 1 பெறும் மிகச்சிறிய அடுக்கு 64; அது p − 1-ஐ வகுக்க வேண்டும் என்பதால், p − 1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். கணிதர் லூகா 1878-இல் இதை 128-இன் மடங்கு என்று இன்னும் இறுக்கினார். அந்த வடிவில் வரும் முதல் பகா எண் 257, அடுத்தது 641. 257-ஓ தானே ஒரு ஃபெர்மா எண்; அதாவது 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்ல, அதோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்களில் ஒன்று (257 = 2⁸ + 1; நம் எண்ணும் அவ்வகையே). இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது என்பதால் அது விலகிவிடுகிறது. மிச்சம் ஒரே ஒரு வகுத்தல்!

நெடுங்கணக்கன்:
எங்கே தேடுவது என்று அது சொல்கிறதே தவிர, கிடைக்கும் என்று சொல்லவில்லை. முந்தைய ஃபெர்மா எண்ணான 65537-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இதற்கு லூகாவின் விதி தரும் வடிவில், அதாவது 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்து, இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 256-க்குள் அடங்கும் பகா எண் 193 மட்டுமே, வகுத்தால் மீதி 110, எனவே 65537 பகா எண். ஒரே சல்லடையில் ஒன்று தங்கியது, மற்றொன்று விழுந்தது.

சதுரகிரியான்:
காரணியே வேண்டாமே. இவ்வெண் 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் அமைகிறது. பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இருவேறு விதமாக எழுதவே முடியாது.

நெடுங்கணக்கன்:
அந்த 62264 எங்கிருந்து வந்தது? 641 = 25² + 4², 6700417 = 2556² + 409² என்று எழுதி, பிரம்மகுப்தரின் முற்றொருமையில் (இரு வர்க்கங்களின் கூட்டலான இரு எண்களைப் பெருக்கினாலும் அவ்வாறே வரும் என்பதில்) இட்டால், 25 × 2556 − 4 × 409 அதுவேதான். மறுபடியும் விடையிலிருந்து வினாவுக்குப் போகிறோம்.

கயற்கண்ணி:
அப்படியானால் விடை தெரியாமலே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். 3-ஐத் தொடர்ந்து 32 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் 4294967297-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் பகா எண்ணாக இருந்தால், ஃபெர்மாவின் சொந்தத் தேற்றப்படியே (பகா எண் p-ஆல் வகுபடாத எண்ணை p − 1-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1; இங்கே p − 1 = 2³², அதனால்தான் 32 முறை) கடைசி மீதி 1 ஆக வேண்டும், ஆவதில்லை. பத்து இலக்கப் பெருக்கல்கள்தாம், கையால் செய்யக்கூடியவையே. இதில் 641 எங்கும் தலைகாட்டவில்லை.