கருப்புத் திரையில் ஒரு படையெடுப்பு

புலனக் குழு: பட்டர்வொர்த் குடும்பம்
சனிக்கிழமை

தம்பி (மாலை 4:40): அண்ணா, அப்பாவின் பழைய மடிக்கணினியில் லுபுண்டு இயங்குதளத்தை ஏற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன, வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் என்இன்வேடர்ஸ் விளையாட்டும் ஒரே கட்டளையில் வந்துவிட்டது. முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் அந்தக் கருப்புச் சாளரத்தில், நன்றாக ஓடுகிறது. ஆனால் இடது அம்புக்குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இடவெளிப் பட்டையைத் தட்டினால், கப்பல் சுட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. விசைப்பலகை பழுதாகிவிட்டதா?

அத்தை (4:42): இன்று இரவு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு யார் யார் வருகிறீர்கள்?

தம்பி (4:42): நான் வருகிறேன், அத்தை. 7 மணிக்கு.

நான் (4:51): விசைப்பலகையில் ஒரு குறையும் இல்லை. முனையத்தில் புதிதாக ஒரு வரியில் 'கேட்' (cat) கட்டளையைக் கொடுத்து எண்டர் அழுத்து. பிறகு இடது அம்புக்குறியை ஒரே ஒரு முறை தட்டிப் பார். என்ன வருகிறது?

தம்பி (4:53): ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, கடைசியில் டி என்ற எழுத்து.

நான் (4:54): இப்போது அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு, விடாமல் இடவெளிப் பட்டையையும் தட்டு.

தம்பி (4:55): வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. இடவெளியைத் தட்டியதும் நின்றுவிட்டது. விரல் இன்னும் அம்புக்குறி மேல்தான் இருக்கிறது!

நான் (5:01): அதுதான் விஷயம். முனையத்துக்கு எழுத்துகள் மட்டுமே வந்து சேரும். 'விசை அழுத்தப்பட்டது' என்று தெரியும். 'விரல் எடுக்கப்பட்டது' என்று தெரியவே தெரியாது. அழுத்திப் பிடித்தால் அதே எழுத்து திரும்பத் திரும்பப் போகும். நடுவில் வேறு விசை வந்தால், கடைசியாக அழுத்தியதற்குத்தான் மரியாதை. பழைய தொடர் அறுந்துவிடும். கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி வெளியே வா. இனி அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே இருக்காதே, தட்டு. வலக்கை அம்புக்குறியில், இடக்கைப் பெருவிரல் இடவெளிப் பட்டையில். இரண்டு தட்டு நகர்ந்து, ஒரு தட்டில் சுட்டு, மறுபடியும் நகர வேண்டும். எழுத்துத் திரையில் விளையாடுகிறவன் அதன் இயல்புக்கு ஏற்பத்தான் விளையாட வேண்டும்.

மாமா (5:20): மருமகனே, மூல ஆட்டம் 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. 11 பேர் கொண்ட 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது நாணயத்தைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே ஆடுவோம். கடைசியில் மிஞ்சும் ஒன்று இருக்கிறதே, அது பறக்கும்!

தம்பி (5:22): இதிலும் அப்படித்தான், மாமா. ஆள் குறையக் குறைய வேகம் கூடுகிறது. ஏன்?

மாமா (5:31): அந்த எந்திரத்துக்குள் இருந்தது இன்டெல் 8080 என்ற நுண்செயலிச் சிப். வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேற்றுக்கிரகவாசிதான் நகரும். 55 பேரும் ஓர் அடி வைத்து முடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு வினாடி போய்விடும். 10 பேர் மட்டும் இருந்தால் அதே வேலை ஆறில் ஒரு வினாடியில் முடிந்துவிடும். கடைசி ஒருவன் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நகர்கிறான். வன்பொருளால் தானாக விளைந்த வேகம் அது. நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

நான் (5:34): இன்றைய கணினிக்கு அந்தத் தடை கிடையாது, மாமா. அதனால் இந்த மாதிரி நகல்களை எழுதுகிறவர்கள், மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து வேகத்தைக் கூட்டும்படி நிரலிலேயே எழுதிவிடுகிறார்கள்.

பெரியம்மா (5:48): இன்டெல் என்றதும் பழையது நினைவுக்கு வருகிறது. 1972-இல் பினாங்கின் பயான் லெப்பாஸில் அவர்கள் தொழிற்சாலை திறந்தார்கள். அதன் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. நான் பக்கத்தில் வேறொன்றில் வேலை பார்த்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பின் விளிம்பில் ஒட்டுவோம். கை நடுங்கக் கூடாது. அந்தச் சிப்புகள் எங்கே போய் எதை ஓட்டின என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் (5:52): பெரியம்மா, இதை நீங்கள் இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. தம்பி, பெரியம்மாவை உட்கார வைத்து இதையெல்லாம் எழுதி வை.

தம்பி (5:53): எழுதுகிறேன். முதலில் அவர்களே விளையாட வேண்டுமாம். எழுத்து சிறிதாக இருக்கிறதாம்.

நான் (5:58): முனையத்தில் எழுத்தைப் பெரிதாக்கு. ஆனால் சாளரத்தில் 80 பத்தியும் 24 வரியும் குறையாமல் இருக்க வேண்டும். 1978-இல் வந்த விடி100 என்ற முனையக் கருவியின் அளவு அது. மொத்தம் 1,920 எழுத்துகள்தான் திரை. வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் 960 எழுத்து போகும். திரை முழுவதையும் ஒரு முறை வரையவே 2 வினாடி ஆகிவிடும். அந்த வேகத்தில் எந்த எதிரியைச் சுட முடியும்? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் அர்னால்டு எழுதிய 'கர்சஸ்' நிரலகம் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. பழைய திரையையும் புதிய திரையையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும். நீ ஆடுகிற விளையாட்டு அதன் வழித்தோன்றலான என்கர்சஸ் மேல்தான் நிற்கிறது. உன் கப்பலைப் பார்: /-^-\ ஐந்தே குறிகள். அது ஓர் இடம் நகரும்போது அந்தச் சில குறிகள் மட்டுமே மாறுகின்றன.

தம்பி (6:10): எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன். பெரியம்மா தட்டித் தட்டித்தான் ஆடுகிறார்கள், நான் சொல்லவே இல்லை. அரணுக்குப் பின்னால் நின்று, ஒரு குண்டு போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சுடுகிறார்கள். ஓரத்து நெடுவரிசைகளை முதலில் காலி செய்கிறார்கள்.

மாமா (6:12): சபாஷ்! ஓரம் காலியானால் படை விளிம்பைத் தொட நேரம் பிடிக்கும், கீழே இறங்குவதும் தாமதமாகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் செய்வது அதைத்தான்.

அத்தை (6:15): 7 மணிக்கு யாரும் வரப்போவதில்லை போலிருக்கிறது. அப்பம்பாலிக் நானே வாங்கி வருகிறேன். எத்தனை வேண்டும்?

தம்பி (6:16): நான்கு, அத்தை. பெரியம்மாவுக்குச் சோளம் போட்டது.

தம்பி (8:35): அண்ணா, பாப்பா எதையோ அழுத்தி ஆட்டம் பாதியில் அறுந்துவிட்டது. முனையம் திறந்துதான் இருக்கிறது, ஆனால் தட்டும் எழுத்து எதுவும் திரையில் தெரியவில்லை.

நான் (8:37): விளையாட்டு எழுத்துகளை மறைத்து வைத்திருந்தது, முறையாக முடியாததால் திரும்பக் கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' (reset) கட்டளையைத் தட்டி எண்டர் அழுத்து.

தம்பி (8:39): சரியாகிவிட்டது. பெரியம்மா முதல் அலையிலிருந்தே மறுபடி தொடங்கிவிட்டார்கள்.