டிரைவிங் சிமுலேட்டர்: 'ஓட்டுநிகரி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். டிரைவிங் சிமுலேட்டருக்கு, அதாவது உட்கார்ந்த இடத்திலேயே திரையில் சாலையைக் காட்டி வண்டி ஓட்டவைக்கும் கருவிக்கு, தமிழ்ச் சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> 'ஓட்டுநர் பயிற்சிப் பொறி' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பாதிதான் புரியும். முதியோர் விஷயத்தில் இந்தக் கருவிக்குப் பயிற்சி ஒரு வேலை, மதிப்பீடு இன்னொரு வேலை. பக்கவாதம் வந்து தேறிய ஒருவர் இனி ஓட்டலாமா என்று பார்க்க, எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பச் சொல்கிறார்கள். நின்றிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு ஆளைச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள். வயதானவர்கள் அதிகம் தடுமாறுவது சாலைச் சந்திப்புகளில்தான். அசல் சாலையில் இதையெல்லாம் ஆபத்தில்லாமல் சோதிக்க வழியில்லை. தேர்வு வைத்துவிட்டு அதைப் பயிற்சி என்று சொன்னால், உட்காருகிறவரை ஏமாற்றியதாகிவிடும்.

'போலி' என்று தொடங்கும் சொற்களும் வேண்டாம். காலமெல்லாம் வண்டி ஓட்டியவரிடம் "போலி வண்டியில் தோற்றுவிட்டீர்கள்" என்று எந்த மருத்துவர் சொல்வார்? 'பாவனை' நல்ல சொல்தான். ஆனால் இலங்கைத் தமிழில் அதற்குப் பயன்பாடு என்று பொருள், பாவனையாளர் என்றால் பயனர். 'போன்மி'யை மீம்காரர்கள் 'மீம்' என்பதற்குத் தமிழாகக் கொண்டுபோய்விட்டார்கள்.

என் பரிந்துரை 'ஓட்டுநிகரி'. நிகர் என்றால் சமம் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். 'மெய்நிகர்' என்கிறோம், அதை யாரும் மெய்யென்று எடுத்துக்கொள்வதில்லையே. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய ஃபிளைட் சிமுலேட்டர் பறப்புநிகரி, கருவி அசலை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது நிகர்மை.

இன்னொரு சொல்லும் அவசரமாகத் தேவை. வண்டி ஓடுகிறது என்று கண் சொல்லும், உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்று உடம்பு சொல்லும்; இந்த முரணில் தலை சுற்றிக் குமட்டல் வரும். முதியவர்களுக்கு இது கூடுதல், பாதியிலேயே எழுந்துவிடுபவர்கள் உண்டு. ஓட்டும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் அறிக்கையில் தனியாகக் குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'சிமுலேட்டர் சிக்னெஸ்' எனப்படும் இதை 'நிகரிக் கிறுகிறுப்பு' என்கிறேன். 'நோய்' என்று எழுதினால், உரிமம் புதுப்பிக்கும் மேசையில் அதை வேறு மாதிரி படித்துவிடுவார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வேகமாக வாசித்தால் ஓட்டுநிகரி 'ஓட்டுநர்' மாதிரித் தெரிகிறது. 'ஓட்டல்நிகரி' என்று மாற்றிப் பார்த்தேன், இட்லி ஞாபகம் வந்துவிட்டது. முன்பாதிக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். 'நிகரி'யை மட்டும் விடுவதாயில்லை.