1.25ல ஓட்டினா கோப்லோ ஆயிடுமா?

அதிவேகம்:
இந்தோனேசியாவோட ஜனரஞ்சக இசையான டாங்டுட்ல, கோப்லோன்னு தனியா ஒரு வகையே கிடையாது. பழைய டாங்டுட் பாட்டை யூடியூப்ல 1.25 வேகத்துல போடுங்க, கோப்லோ ரெடி. இந்தோனேசியாக்காரங்க அதுக்குப் புதுப் பேர் வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

தாளப்பொறுக்கி:
வந்துட்டாருய்யா. போன மாசம் கெரொன்சோங்கிற இந்தோனேசியப் பழைய இசையில வர்ற உகுலேலேவை மாண்டலின்னு அடிச்சுவிட்டவர் இவர்தானே? கணக்கு போடுவோம். நிமிஷத்துக்கு 100 அடி, நாலடித் தாளம்னா ஒரு சுத்து 2.4 செகண்ட். நாலாவது அடியில மேளம் 'டாங்', அடுத்த சுத்தோட முதல் அடியில 'டுட்'. பேரே அதுலேருந்து வந்ததுதான். 1.25ல போட்டா சுத்து 1.92 செகண்டாகும். ஒரு சுத்துக்கு டுட் எத்தனை? அதே ஒண்ணு. கோப்லோவுல பாடகி தன் நடையில பாடுவாங்க, கென்டாங் மேளம் மட்டும் இரட்டிச்சு ஓடும். அவங்க ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள மேளம் ரெண்டு சுத்து. இதை எந்தப் பட்டனும் செய்யாது.

அதிவேகம்:
கோப்லோ வேகமா இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம். 1.25.

விசிடி பெட்டி:
யூடியூப், யூடியூப்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க. 2003ல டாங்டுட் பாடகி இனுல் தராதிஸ்தாவோட இடுப்பாட்டத்தைப் பத்தி நாடே ரெண்டுபட்டப்போ யூடியூப் பிறக்கவே இல்லை. கிழக்கு ஜாவாவோட பசுருவான் ஊர்ப் பொண்ணை ஜகார்த்தா டிவி வரைக்கும் கொண்டுபோனது திருட்டு விசிடி. கல்யாண வீட்டு மேடையில எடுத்தது, 352×288 படம், ஒரு தட்டுக்கு 74 நிமிஷம். பூட்டு கிடையாது, சிடி ரைட்டர் இருந்தா போதும்.

ரோமா ரசிகன்:
80 நிமிஷத் தட்டும் உண்டு. அப்புறம் இனுல் பேச்சு எதுக்கு? சொனெத்தா குழுவை வெச்சு டாங்டுட்டுக்கு ராக் கித்தார் கொடுத்தவர் ரோமா இராமா. என் பாட்டை நீ பாடாதேன்னு அவர் இனுல்கிட்ட சொன்னதுல என்ன தப்பு?

தாளப்பொறுக்கி:
ரோமாவை இங்க யாரு கேட்டா? மேளத்துக்கு வாங்க. டாங்டுட் கென்டாங் தபேலா மாதிரி ஜோடி. பெரிய முகத்துல அடிச்சதும் உள்ளங்கை அடிப்பாகத்தை அழுத்தித் தள்ளினா சுருதி வழுக்கும், 'டுஉட்'னு. யூடியூப் 1.25ல சுருதியை விட்டுட்டு நேரத்தை மட்டும் சுருக்கும். அந்த வழுக்கல் 'டுப்'னு செத்துடும். பாடகியோட கமகம், அதான் செங்கோக், ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி ஆயிடும். இதுக்கு மேல, கோப்லோக்காரங்க மேற்கு ஜாவாவோட ஜாய்போங் நடனத்து மேள அடியையும் சேர்த்துக்கிட்டாங்க, இடுப்பு வெட்டு எல்லாம் அதுக்குத்தான். உங்க பட்டன் அதை எங்கேருந்து கொண்டாரும்?

சும்மா வந்தேன்:
கோப்லோன்னா போதை மாத்திரையாமே?

தாளப்பொறுக்கி:
கிழக்கு ஜாவாவுல மலிவா வித்த மாத்திரை, அந்தக் கிறுகிறுப்புக்காக வெச்ச பேர். சில பேருக்கு 1.25லயே ஏறிடுது.

அதிவேகம்:
2018 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பாடின வியா வல்லென் இருக்காங்களே, அவங்க கோப்லோ வீடியோ ஏதாவது ஒண்ணை 0.75ல ஓட்டுங்க. பழைய டாங்டுட் வரும். தலைகீழாவும் நிரூபிச்சாச்சு.

தாளப்பொறுக்கி:
0.75ல ஓட்டினா மெதுவான கோப்லோதான் வரும். மேளம் அப்பவும் ரெண்டு சுத்து! நிறைய பாட்டு மேளமே இல்லாம இழுவையா ஆரம்பிக்கும். கென்டாங் ஒரு உருட்டு உருட்டி உள்ளே இறங்கும், மேடையிலேருந்து 'ஹொக்கா ஹொக்கே'ன்னு ஒரு கத்தல் வரும். அந்த இடத்துல பாடகியைக் கவனிங்க, அவங்க ஓடலை. மேளம்தான் ஓடுது.

விசிடி பெட்டி:
80 நிமிஷத் தட்டா? பழைய பிளேயர்ல போட்டா கடைசிப் பாட்டு சிக்கும். 74தான்.

ரோமா ரசிகன்:
உங்க பிளேயர் சரியில்லைன்னா தட்டு என்ன பண்ணும்?

அதிவேகம்:
இப்பவும் 1.25லதான் கேட்டுட்டு இருக்கேன். என் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

தாளப்பொறுக்கி:
மாண்டலின் காது.