‘மனித டார்பிடோ’ வேண்டாம், ‘ஊர்கணை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலிய நீர்மூழ்கி ‘ஷிரே’ பற்றிய வரைவில், வீரர்கள் ஏறி நீருக்கடியில் ஓட்டிச்சென்ற கருவியை ‘மனித டார்பிடோ’ (டார்பிடோ: நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) என்று எழுதியிருக்கிறோம். அது நம் காதில் ‘மனித வெடிகுண்டு’ என்றே விழும். ஓட்டியவர் செத்தார் என்று தோன்றும். ஜப்பானின் தற்கொலை டார்பிடோவான கைட்டென் அப்படித்தான். இது அப்படியல்ல. 1941 டிசம்பர் 19 அதிகாலை, ஷிரே இறக்கிவிட்ட ஆறு பேர் மூன்று கருவிகளில் எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் புகுந்து, பிரிட்டனின் குயின் எலிசபெத், வேலியன்ட் போர்க்கப்பல்களை முடக்கினார்கள். ஆறு பேரும் பிடிபட்டார்கள், யாரும் சாகவில்லை.

இக்கருவியின் இத்தாலியப் பெயருக்கு ‘மெல்ல ஓடும் டார்பிடோ’ என்று பொருள். மாலுமிகளுக்கு அது ‘பன்றி’. மணிக்குச் சுமார் 3 கடல்மைல் வேகம். மேலே இருவர் கால்பரப்பி உட்காருவார்கள். ‘ஊர்தல்’ என்பதற்கு மெல்ல நகர்தல், ஏறிச் செல்லுதல் இரண்டும் பொருள். குறளில் சிவிகை ‘ஊர்ந்தான்’ இருக்கிறானே! ஆகவே ‘ஊர்கணை’.

— — —

> ஆகவே ‘ஊர்கணை’

‘ஊர்’ பொருத்தம். ‘கணை’தான் உறுத்துகிறது. கணை பாய்ந்து தைக்க வேண்டும். இது கப்பலில் மோதுவதே இல்லை. கப்பலின் அடிவயிற்றில் இருபுறமும் ஓடும் தகட்டு விளிம்புகளில் கவ்விகளை மாட்டி, இடையே கயிறு கட்டி, கழற்றிய வெடிதலையை அதில் தொங்கவிட்டு, நேரம் வைத்துவிட்டு, மீதிக் கருவியில் ஏறித் திரும்ப வேண்டும். வேலியன்ட் அடியில் இதுகூட நடக்கவில்லை. சுழலியில் கம்பி சிக்கியதால், ஆறு பேரில் ஒருவரான தெ லா பென்னே கருவியைத் தரையோடு இழுத்துப்போய்க் கப்பலுக்குக் கீழே விட்டார். ‘வெடியூர்தி’ என்போமா?

— — —

‘வெடியூர்தி’ என்றால் குண்டு வைத்த கார் என்று படிப்பார்கள். கருவியின் உடல் 53 செ.மீ. டார்பிடோ அளவில் அமைந்தது. அந்த உறவைக் ‘கணை’ காட்டுகிறது. ஏவுகணையோடு குழம்பாமலிருக்க ‘நீரூர்கணை’ என்று வைக்கலாம். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘மனித டார்பிடோ’ போதும்.

இன்னொன்று. ஷிரேயின் மேல்தளத்தில் கருவிகளை வைத்திருந்த மூன்று உருளைகளை வரைவில் ‘ஏவுகுழல்’ என்று எழுதியது பிழை. அவற்றிலிருந்து எதுவும் ஏவப்படவில்லை. கருவி 30 மீட்டருக்குக் கீழே நீரழுத்தம் தாங்காது. முன்பு ‘இரிதே’ நீர்மூழ்கியில் திறந்தபடி கட்டியதால் கப்பலும் அந்த ஆழத்துக்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தது. ஷிரேயில் பீரங்கியைக் கழற்றிவிட்டு, அழுத்தம் தாங்கும் உருளைகளைப் பொருத்தினார்கள்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ‘கணைப்பேழை’ என்று திருத்துகிறேன்.